ஒரு பிரேக், ஒரு இடது கை

1

“போடுறியா இல்லியா, அந்த பெல்ட்டை?”

“வந்தாத்தானேய்யா போடறதுக்கு, இது பாட்டுக்கு—”

“வெடுக்குனு இழுத்தா எப்டி வரும்? உட்டுட்டு—”

“நான் மெதுவாத்தான் இழு—”

“மெதுவாவா? தேரு இழுக்கறா மாதிரி இழுத்துகினு மெதுவாங்கறே!”

“ஆமாய்யா, நான் இன்னா பண்ணாலும் இப்ப உனக்குத் தப்பாத்தான் கீது. லாவண்யா ஊட்டுக்குப் போறேன்னு சொன்னதுலேர்ந்து—”

“நான் இன்னா சொன்னேன்? போன்னுதானே சொன்னேன்?”

“அதான்யா! போன்னே.”

“போன்னாலும் தப்பா?”

“போவாதேன்னு ஒரு வாட்டி சொல்லிப் பாக்கறது.”

“ரோட்டைப் பாக்கறதா, உன்னைப் பாக்கறதா நானு?”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது. பேசியவர்கள் முன்சீட்டில், நான் பின்சீட்டில். ஓட்டியவர் கஜபதி, சொந்தக் கார் வைத்து எங்கள் அம்பத்தூர்ப் பக்கம் வாடகைக்கு ஓட்டுகிறார். பக்கத்தில் இருந்தவள் அவர் மனைவி பூங்காவனம். என் வீட்டில் சமைக்கிறாள். பூந்தமல்லியில் கண் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போய்விட்டுத் திரும்புகிற நேரம். ஓசூரில் மகள் லாவண்யாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மா வந்து கூடவே இருக்கவேண்டும் என்கிறாள். அதுதான் சண்டை.

ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள் நான். முகம் தெரியாத குரல்களோடு வேலை பார்த்த பழக்கமோ என்னவோ, கதைகூட எனக்குப் பேச்சாகத்தான் வரும். ஆள் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பதெல்லாம் பிற்பாடு நானாகப் போட்டுக்கொள்வது.

(இன்னொன்று. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அதை விட்டால் கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே வெளிச்சமும் நிழலுமாகக் கலங்கித்தான் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் என்னைத் தந்திரக்காரி என்பீர்கள்.)

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

‘அன்று காலையிலிருந்தே பூங்காவனத்துக்கு மனசு சரி—’

(எனக்கெப்படித் தெரியும்? காலையில் தோசை வார்த்தாள். தோசை நன்றாகத்தான் இருந்தது.)

‘பருத்திப்பட்டு ஏரியின்மேல் வெயில் தகடு தகடாக—’

(கண்ணில் மருந்து விட்டுக்கொண்டவள் ஏரியை வர்ணிக்கிறாளாம்.)

‘மனிதர்களும் அப்படித்தான். வேகமாக இழுக்க இழுக்க—’

(வேண்டாம். சீட் பெல்ட்டை வைத்து வாழ்க்கைக்கு விளக்கம் சொல்ல ஒரு கிழவி கிளம்பிவிட்டாள் என்று நீங்கள் மூடிவைத்துவிடுவீர்கள். நானாக இருந்தாலும் மூடுவேன்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது ரொம்பச் சின்னது.

“ஸ்கூல்ல சேக்கற வரிக்கும் கூடவே இருன்றா அவ.”

“இரு.”

“நீ?”

“எனக்கு இன்னா? அம்பத்தூரை உட்டு நான் எங்கயும் வரமாட்டேன். சோறு வடிக்கத் தெரியாதா எனக்கு?”

“தெரியுமா?”

“ஓட்டல் கீது.”

“ஓட்டல்ல துன்னுட்டு நெஞ்சு எரியுதுன்னு யாராண்ட சொல்லுவே? ஓட்டல்காரனாண்டயா? யோவ்... லாரி! லாரிய்யா!”

பருத்திப்பட்டில் ஒரு சந்துக்குள்ளிருந்து தண்ணி லாரி பின்பக்கமாக ரோட்டுக்கு வந்துவிட்டது. கஜபதி பிரேக்கை மிதித்தார். டயர் கத்தியது. ‘டக்’ என்று பெல்ட் பூட்டிக்கொண்டது. என்னுடையதும் பூட்டியது, தோள்பட்டையில் யாரோ கை வைத்து அழுத்தி, உட்கார் என்றதுபோல் இருந்தது. வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை.

லாரியிலிருந்து ஒரு குரல், “இன்னா நைனா, ஊட்ல சொல்லிகினு வந்தியா?” என்றது. பின்பக்கமாக வந்தது அவன். சாதாரணமாக இதற்கு கஜபதி கொடுக்கிற பதிலை நான் இங்கே எழுத முடியாது. அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை.

ஆவடி தாண்டி அம்பத்தூர் வந்து சேர்ந்தோம். என்னைக் கைபிடித்து இறக்கும்போது பூங்காவனம் சொன்னாள், என்னிடமில்லை, கார்க் கதவிடம் சொல்வதுபோல:

“இந்த வாட்டி கை வரல.”

3

அந்தக் கையைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். எப்போதோ கீரை ஆய்ந்துகொண்டே சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் கஜபதி அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு கம்பெனிக்கு டெம்போ ஓட்டினார். லீவு நாளில் அதே டெம்போவில் மனைவியை ஏற்றிக்கொண்டு வேப்பம்பட்டு மாமியார் வீட்டுக்குப் போவார்.

“பெல்ட்டு ஏதும்மா அந்த வண்டில? அவரு கைதான் பெல்ட்டு. பிரேக்குல கால் வெச்சாருன்னா எடது கை டபால்னு வந்துரும், என் நெஞ்சுக்குக் குறுக்க. காரு வாங்கி, பெல்ட்டு போட்டப்புறமும் வருது. பட்டுப் பட்டு இந்த எலும்பு காச்சே போயிருக்கும்.”

“திட்டமாட்டியா?”

“திட்டாமயா? ‘கைய எடுய்யா, சிக்னல்ல அத்தினி பேரும் பாக்கறான்’னு திட்டிகினேதான் வருவேன். ஒரு வாட்டி ஷேர் ஆட்டோ. காத்து வேணும்னு நான் ஓரத்துக்கு மாறிகினேன். நடுவுல வேற பொம்பள. அவன் பிரேக் அடிச்சான், இவரு கை போச்சு! அந்தம்மா உட்டுச்சு பாரு ஏச்சு! இவரு ‘பிரேக்கும்மா, பிரேக்கும்மா’ன்றாரு. நான் இன்னா பண்ணேன்ற? இந்தாளு யாருன்னே தெரியாத மாதிரி மூஞ்சியத் திருப்பிகினேன்.”

அவ்வளவு சிரித்தாள் அன்றைக்கு. கீரையில் பாதி தரையில்.

கஜபதி மனைவியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை என்றே சொல்கிறாள். அவளிடம் இருந்தது அந்தக் கைதான். அவர் ‘போ’ என்றால் அது வாய் சொல்வது, கை வேறு சொல்லும் என்று அவள் வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். ஷேர் ஆட்டோப் பெண்ணுக்கும் போன கை, ஆள் பார்த்துப் போகிற கை இல்லையே? பிரேக் விழுந்தால் தானாகப் போகிற கைக்கு அன்பு என்று பேர் வைக்கலாமா? இதை ஒரு வாசகர் கேட்பார். கேட்கட்டும். நானும் திருப்பிக் கேட்கிறேன்: தானாகப் போகிற கை என்றால், பருத்திப்பட்டில் ஏன் போகவில்லை? நிறுத்தியது யார்?

4

கதை எழுத, பெல்ட் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. (பொய். கையைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. தைரியம் வராமல் பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன்.) கீழே நிறுத்தியிருந்த காரில் ஏறி, கஜபதிக்குப் பக்கத்தில், பூங்காவனத்தின் சீட்டில் உட்கார்ந்தேன்.

“உள்ள சின்னதா ஒரு இரும்புக் குண்டு கீதும்மா, கிண்ணத்துல ஒக்காந்துகினு இருக்கும். வண்டி சடனா நின்னா குண்டு நிக்காது, முன்னாடி ஏறும். ஏறுனா ஒரு கொக்கியத் தூக்கி உடும். கொக்கி பல்லுச் சக்கரத்துல மாட்டிக்கும். அவ்ளோதான், நாடா அதுக்கு மேல வராது.”

“வண்டி நின்னுட்டுத்தானே இருக்கு இப்ப? நான் இழுத்தா ஏன் பிடிக்குது?”

“அது வேற. நாடா எவ்ளோ வேகமா ஓடுதுன்னு பாக்க இன்னொண்ணு கீது. நீ வெடுக்குனு இழுத்தா, ஆளு முன்னாடி பாயறான்னு நெனைச்சுக்கும். கொஞ்சம் உள்ள உட்டுட்டு மெதுவா இழு, வரும் பாரு.”

வந்தது. மறுபடி வெடுக்கென்று இழுத்தேன். டக்.

“உட்கார்ந்திருக்கிறது யாருன்னு அதுக்குத் தெரியுமா, கஜபதி?”

“இன்னாம்மா நீ! அரிசி மூட்டையக் கட்டி வெச்சாலும் பிடிக்கும்.”

“அன்னிக்குப் பருத்திப்பட்டுல...”

“பெல்ட்டு பிடிச்சுதுல்ல?”

“பிடிச்சுது.”

“நம்ம கை போறதுக்குள்ள அது பிடிச்சுகினு ஒக்காந்துருக்குது. அப்பால நம்ம கைக்கு இன்னா வேல?”

எத்தனையோ பேர் குரலைக் கேட்ட காது இது. சாவுச் செய்தி சொல்லப்போகிறவர் நம்பர் கேட்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். அந்த ஒரு வரியில் இருந்தது நிம்மதியா, கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிரிக்க முடியவில்லை. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மாடி ஏறி வந்துவிட்டேன். கூச்சத்தால் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அந்தப் பகுதியை அவருடைய அந்த வரியோடு முடித்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அதுதான் காரணம். ஒரு மனுஷன் பாதி கதவைத் திறந்தார், நான் வாக்கியம் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

5

(இங்கே லாவண்யா பேசுவதாக ஒரு பகுதி இருந்தது. அவள் குரலை நான் போனில்கூடக் கேட்டதில்லை. கேட்காத குரலுக்கு வசனம் எழுதினால் எல்லாரும் என்னைப் போலவே பேசுகிறார்கள். எடுத்துவிட்டேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் அம்மாவைக் கூப்பிடுவது நியாயம்தான் என்பதை மட்டும் விட்டுவைக்கிறேன்.)

6

முடிவுகள். எழுதின வரிசையில்.

முதலாவதில், ஆவடி சிக்னலில் கஜபதி திரும்பிப் பார்த்து, “பூங்கா, போவாதே” என்கிறார். சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அது கஜபதி குரல் இல்லை, என் குரல். நான் யாரிடமோ கேட்க நினைத்த வார்த்தையை அவர் வாயில் வைத்திருக்கிறேன். அடித்தேன்.

இரண்டாவதில், அவருக்கு இடது தோளில் வலி. கையைத் தூக்க முடியாததை மனைவியிடம் மறைத்து வைத்திரு—

(என் வசதிக்காக ஒரு மனிதருக்கு நோயைக் கொடுப்பதா? அடித்தேன்.)

மூன்றாவது இது. பிரேக்கில் கால் விழுகிறது. இடது கை கியரை விட்டு எழும்புகிறது. பாதி தூரம் வந்துவிட்டது. அதற்குள் ‘டக்’. பெல்ட் பூட்டிய சத்தம் அவர் காதில் விழுகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது, விரல்கள் விரிந்தபடி. பிறகு மெதுவாகக் கியருக்கே திரும்பிவிடுகிறது. பூங்காவனம் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். எழுதினேனா, நினைவு வந்ததா? முன்சீட்டுகளுக்கு நடுவே கலங்கலாக ஏதோ ஒன்று அசைந்தது. அதை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்வேன். அது கையா, குறுக்கே போன லாரியின் நிழலா?

தெரியவில்லை என்று அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் உட்கார்ந்து அந்தப் பத்தியைத் திருத்தினேன். வெறும் கை மொட்டையாக இருக்கிறதே என்று மணிக்கட்டில் ஒரு செம்புக் காப்பு போட்டேன். அதில் வெயில் பட்டு மின்னவும் வைத்தேன். இப்போது கண்ணை மூடினால் காப்பும் மின்னலுமாக அந்தக் கை பளிச்சென்று தெரிகிறது. அடுத்த முறை கஜபதியைப் பார்த்தபோது மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தேன். கறுப்புக் கயிறு. காப்பு இல்லை.

ஆகவே காப்பு என்னுடையது. மின்னல் என்னுடையது. கை?

பேச்சை நான் மறப்பதில்லை. காருக்குள் அவர்கள் பேசியதில் ஒரு வார்த்தை மாறாமல் இங்கே இருக்கிறது. ஆனால் கைக்குச் சத்தம் கிடையாது. கொஞ்சம்போல ஏதாவது பார்த்திருந்தால்கூட, அதன்மேல் எழுதி எழுதி மூடிவிட்டேன். எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கலங்கலாவது என்னிடம் அப்படியே இருந்திருக்கும். அந்த வருத்தத்துக்கு நாலாவது முடிவு ஒன்று எழுதிப் பிரயோசனம் இல்லை. நீங்கள் மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இங்கேயே முடிப்பதாகத்தான் இருந்தேன்.

7

மணி அடித்தது. பூங்காவனம். கையில் என் வீட்டுச் சாவி, தோளில் பை.

“பூந்தமல்லி வரிக்கும் அவரே கொண்டாந்து உடறாரு. அங்க ஓசூர் பஸ்ஸு. கீழ வண்டில கீறாரு.”

“ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாரே. தண்ணி பாட்டுலு எடுத்துகினியான்னாரு.”

நான் எழுதிக்கொண்டிருந்த தாள்கள் மேஜைமேல் கிடந்தன. மறைக்கத் தோன்றவில்லை.

“இன்னாம்மா எழுதிகினு கீறே?”

“உங்க ரெண்டு பேரைத்தான்.”

“அடப்பாவமே! எங்களயா? வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அதுல நான் போறேனா, இருக்கேனா?”

“தெரியல பூங்காவனம்.”

“எழுதறவளுக்கே தெரியலியா? நல்லா கீதே கதை.”

கீழே ஹாரன் ஒருமுறை அடித்தது. அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

“அவராண்ட கேட்டா சொல்லமாட்டாரு. நானும் கேக்கமாட்டேன், கேட்டு வாங்கறதுல இன்னா கீது? அன்னிக்கு நான் லாரியப் பாத்துகினு இருந்தேன், அதான் உன்னாண்ட கேக்கறேன். வந்துச்சுன்னு சொல்லு, இப்பவே கீழ போயி வண்டிய ஊட்டுக்குத் திருப்புய்யான்றேன். லாவண்யாவுக்கு வேற வழி பாத்துக்கலாம், கொயந்தைய இங்க கொண்டாரலாம். வரலன்னு சொல்லு, போறேன். அழமாட்டேன், பயப்படாதே.”

“பூங்காவனம், அன்னிக்கு என் கண்ணுல மருந்து—”

“மருந்துதான், தெரியும். நான்தானே கையப் புடிச்சு எறக்குனேன். இருந்தாலும் நீ பின்னாடி ஒக்காந்துகினு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானே பாத்துகினு வந்தே.”

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் என் பக்கத்தில் வந்து, மேஜையில் கிடந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தாள்.

“கதைல வேணாம்மா. நெசத்துல சொல்லு. கை வந்துச்சா?”