அத்தான் வாசித்த பக்கம்

புத்தகக் கடைக்காரர் மேஜையை வாசலுக்குப் பக்கத்திலேயே போட்டுக் கொடுத்திருந்தார். புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, கையெழுத்துக் கேட்டு யாராவது வருவார்களா என்று பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து, அதை எழுதினவளுக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். உள்ளே வந்தவர்கள் எல்லாம், ஊசி போட வந்த நர்ஸைக் கண்ட பிள்ளைகள் மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

துணைக்கு வந்திருந்தது அக்காவும் அத்தானும்தான். அத்தான் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். அவர் வாயைத் திறந்தால் வேலை வெட்டி உள்ளவனும் நின்றுவிட்டுத்தான் போவான்.

"இப்படி உம்முன்னு உக்காந்திருந்தா எவன் வருவான்? சரக்கைப் பிரிச்சுக் காட்டணும் பாப்பா. குடு இங்க, நான் படிக்கிறேன்."

"முதல் அத்தியாயம் மட்டும் படிங்க அத்தான்," என்று பிரித்துக் கொடுத்தாள். அதில் மழையும் தெருவும்தான் இருந்தன. யாருக்கும் கெடுதல் இல்லை.

இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அதில் ஒருவர் கொட்டாவி விட்டார். அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாடின காயை மேல வெச்சா எப்படி விக்கும்?" என்று புத்தகத்தின் நடுவில் விரலை விட்டுப் பிரித்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கேதான் அக்கா இருந்தாள்.

பல வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒருநாள் பெட்டியோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்த கதை அது. தங்கையிடம் மட்டும் சொன்னது. செத்தாலும் வெளியே விடமாட்டேன் என்று இவள் சத்தியம் வேறு செய்திருந்தாள். கதையில் ஏலக்காரரை வாத்தியாராக்கினாள், ஊரை மாற்றினாள். அக்கா புத்தகம் தொடுகிறவள் இல்லை. அத்தானோ பேப்பரில் விலை நிலவரத்தைத் தாண்டாதவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில்தான் அச்சுக்கே கொடுத்தாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் அக்கா. அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவளுக்கு நாதி கிடையாது.

"'பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் வாயே திறப்பதில்லை. மாதக்கணக்கில் அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது...'"

குரல் கடையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தெருவில் போனவர்கள் உள்ளே வந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி முண்டியடித்து முன்னால் நின்றாள்.

"போதும் அத்தான், தொண்டை கட்டிக்கப் போகுது."

"சும்மா இரு, ஆள் சேருது பாரு!"

அக்கா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் கன்னத்தில் இரண்டு வாங்கியிருக்கலாம்.

"'பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டாள். பூட்டு உடைந்த பச்சைப் பெட்டியை நீல நாடாவால் கட்டித் தூக்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில்...'"

அத்தானின் குரல் நின்றது. அந்தப் பெட்டி இன்னும் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன மாசம் முடிச்சு அவிழவில்லை என்று அந்த நாடாவை அறுத்ததே அவர்தான்.

"அப்புறம்? போனாளா இல்லையா?" என்றாள் கைக்குழந்தைக்காரி.

காலமெல்லாம் ஏலம் விட்ட வாய் அப்போதும் அத்தானைக் கைவிடவில்லை. "மீதி வேணும்னா வாங்கிப் படிங்கம்மா," என்று புத்தகத்தை மூடினார். கூட்டம் சிரித்துக்கொண்டே மேஜையை மொய்த்தது.

அவள் கையெழுத்துப் போட்டாள். யார் பேரை எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. காது முழுக்கப் பின்னால் நின்ற அக்கா, அத்தான் பக்கமே இருந்தது.

"பஸ் வரலையா?" அத்தான் அவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"வந்துச்சு. ஏறி உக்காந்துட்டேன்," என்றாள் அக்கா. "டிக்கெட்டும் எடுத்துட்டேன். கொஞ்ச தூரம் போயி எறங்கி, நடந்தே வந்தேன்."

"ஏன் வந்த?"

"நீங்க சாப்பிடாம உக்காந்திருப்பீங்கன்னு நெனச்சேன். வந்து பாத்தா சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க."

புத்தகத்தில் இது கிடையாது. தங்கையிடம் சொல்லும்போது அக்கா பஸ் ஸ்டாண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அத்தான் அக்காவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, போலாம்," என்றார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மேஜையைத் தாண்டும்போது அக்கா ஒரு நிமிஷம் நின்று, தங்கையின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"இதையும் எழுதிடாத," என்றாள்.