இரண்டாவது இசைத்தட்டு

பல் மருத்துவர் வீட்டுக் கூடத்தில் அன்று ஐந்து பேர். ஜன்னலோர நாற்காலியில் நூலகர், சோபாவில் மருத்துவரின் தங்கை. எதிரே கால்மேல் கால் போட்டுக் காப்பீட்டு அலுவலகத் தலைமை எழுத்தர். வாசல் பக்கம் முக்காலியில் அவர் மனைவி. திரைக்குப் பின்னால், இசைத்தட்டுகளோடு மருத்துவர்.

மேற்கத்திய இசையின் ரொமான்டிக் காலத்துப் பியானோ சொனாட்டா ஒன்றுக்குப் பலரும் சிபாரிசு செய்த பதிவுகள் இரண்டு. நூலகம் வாங்கப்போவது ஒன்றைத்தான். வாசித்தவர் யாரென்று தெரியாமல் கேட்டு முடிவு செய்வது இவர்கள் வழக்கம். முடிவை எழுத்தர் கடிதமாக எழுதுவார். நூலகர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்.

மெதுவான இரண்டாம் பகுதி இரண்டு முறை ஒலித்தது. எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முதலாவதில் இடது கை மூச்சுவிடுகிறதாம்; இரண்டாவதில் அதே கை தட்டச்சு அடிக்கிறதாம். வாசித்தவருக்குத் துக்கம் என்றால் என்னவென்றே தெரியாதாம். நூலகர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு” என்றாள் மனைவி.

“இவ காதைக் கழட்டி வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டா” என்றார் எழுத்தர்.

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், கைப்பை வாரை விரலில் சுற்றியபடி.

திரைக்குப் பின்னால் தட்டுகளை எடுத்துவைக்க உதவப் போனபோதுதான் எழுத்தர் பார்த்தார். இரண்டாவது இசைத்தட்டின் உறையில் கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. மருத்துவர் முகம் வெளுத்தது.

“தட்டை மாத்தவே மறந்துட்டேன் சார். நமக்குள்ளயே இருக்கட்டும்.”

கூடத்தில் மருத்துவரின் தங்கை அந்தக் காது விஷயத்தை மறுபடி சொல்லிச் சிரிப்பது கேட்டது. எழுத்தர் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஆனால் வழியெல்லாம் பக்கத்தில் நடப்பவளை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது நடந்ததைச் சொல்லிவிட்டார். அவள் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

காலையில் கடிதம் எழுதி அவளிடம் நீட்டினார். மருத்துவர் தட்டை மாற்ற மறந்துவிட்டதால் ஒப்பீடு செல்லாது, மறுபடி கேட்க வேண்டும். அவ்வளவுதான். அவள் நின்றபடியே படித்தாள்.

“மறந்தது அவரு. அவ்வளவு நேரம் பேசினது யாருங்க?”

கிழித்தார். புதுத் தாளில் தேதியிலிருந்து தொடங்கினார். இல்லாத வித்தியாசங்களைத் தாம் கேட்டதாகச் சொன்னதை ஒவ்வொன்றாக எழுதினார். மனைவி சொன்னது சரி என்றும், அவளைத் தாம் கேலி செய்ததால்தான் எல்லோரும் சிரித்தார்கள் என்றும் எழுதும்போது, மை காயுமுன் கை பட்டு ஒரு வரி கலைந்தது. அப்படியே விட்டார். நூலகப் பலகைக்கு முன்னால் யார் யார் நிற்பார்கள் என்று முகம் முகமாகத் தெரிந்தது. அவளைக் கூப்பிட்டு நீட்டினார்; தான் படிக்க வேண்டியதில்லை என்றுவிட்டாள்.

கடிதத்தை உறையிலிட்டுப் பசை தடவி ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போனார். உறை பாதிவரை உள்ளே போய்விட்டது. விரல்கள் விடவில்லை.

“போடுறீங்களா சார்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

உள்ளே, மற்றக் கடிதங்களின்மேல் அது விழுந்த சத்தம் துல்லியமாகக் கேட்டது.