மாடி வெயில்

பிரேம்குமார் என்ற அந்த ஆள் ஷூவைக் கழற்றாமலே மாடிக்கு வந்தான். விழுப்புரத்தில் இருக்கும் ஒரு சோலார் கடையின் ஏஜெண்டு. செந்தாமரை அப்போது கேப்பைக்கூழை முறுக்கு அச்சில் அடைத்து, நனைத்து விரித்த பழைய வேட்டியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். வந்தவன் அவளைப் பார்க்கவேயில்லை. வேட்டியின் ஓரத்தை ஒரே எட்டில் தாண்டிக் கைப்பிடிச்சுவர் வரைக்கும் போய், நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தான்.

"சூப்பர் வெயிலு சார். பக்கத்துல மரம் இல்ல, ஒசந்த கட்டடம் இல்ல. மொட்டமாடி சும்மாதான கெடக்குது?"

"ஆமாங்க, சும்மாதான் கெடக்குது" என்றார் அவள் புருஷன் கோதண்டபாணி.

அச்சை அழுத்திக்கொண்டிருந்த செந்தாமரையின் கை நின்றுவிட்டது. இந்த மனுஷனுக்குக் கண் அவிந்தா போயிற்று? காலடியில் வேட்டி, வேட்டி நிறைய வடகம், அதற்கப்பால் இரண்டு முறத்தில் மோர்மிளகாய், அத்தனையையும் காக்காயிடமிருந்து காப்பாற்றக் குச்சியும் கையுமாக ஒரு பொண்டாட்டி. எல்லாம் சும்மாவாம். மாசியில் வெயில் ஏறினால் ஆடிக் காற்று வரைக்கும் இந்த மாடியில் ஒரு சாண் இடம் வெறுமனே கிடந்ததில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சீனுவாசனின் மளிகைக்கடையில் அவள் சரக்கு, வளவனூர்க் கடைகளிலும் அவள் சரக்கு. இவருடைய உரக்கடை படுத்துக்கிடந்த வருஷம் வீட்டில் அடுப்பெரிந்தது இந்த வடகத்தால்தான். மகள் பானுப்ரியாவின் காதில் கிடக்கும் கம்மல் மோர்மிளகாய்க் கம்மல். அவ்வளவு ஏன், கூரைவீட்டை இடித்துக் கான்கிரீட் போட்டபோது இந்தத் தளத்துக்கு இறங்கிய சிமெண்டில் பாதி அவள் சம்பாத்தியம். அந்தச் சிமெண்டின் மேல் நின்றுகொண்டுதான் சும்மா கிடக்கிறது என்கிறார்.

அப்போதே வாயைத் திறந்திருப்பாள். மகளுக்காக அடக்கிக்கொண்டாள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் அது. திண்டிவனத்தில் கரண்ட் போவதை யாரும் பேசுவதில்லை, வந்தால்தான் பேசுவார்கள். பானுப்ரியா பன்னிரண்டாம் வகுப்பு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டுப் போட்டுக் கண்ணெல்லாம் சிவந்து, வேர்வையில் நோட்டுத்தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பெண்ணுக்கு ஒரு விளக்கும் ஒரு காத்தாடியும் கிடைக்கிறதென்றால் பெற்றவள் குறுக்கே நிற்கலாமா?

"நாலு பேனல் சார். தெற்க பாத்து பின்செவுத்தோரமா நிறுத்திட்டா தெனம் முழுக்க வெயில் கெடைக்கும். எடமும் அடைக்காது" என்றான் பிரேம்குமார்.

கோதண்டபாணியின் முகம் மாறிவிட்டது. "தெக்கயா? அது எமன் தெசைங்க. வூட்டு தலமேல தெக்க பாத்து ஒண்ணும் வெக்க மாட்டேன். வயசுக்கு வந்த பொண்ணு கீது."

பிரேம்குமார் வியாபாரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப கெழக்க பாத்து வெச்சிரலாம் சார். சூரியன் உதிக்கிற தெசை, அதுவும் நல்லதுதான்."

கிழக்கே பார்ப்பதென்றால் பின்சுவர் ஓரம் ஒதுக்க முடியாது. மேற்கே படிக்கட்டு அறையும் அதன் தலையில் தண்ணீர்த் தொட்டியும் நிற்பதால், அந்த நிழலை விட்டு மாடிக்கு நட்டநடுவில்தான் நிறுத்தவேண்டும். போதாக்குறைக்கு, காக்கா எச்சம் தங்காமல் வழுக்கி விழட்டும் என்று சட்டத்தை நன்றாகச் சாய்த்து வைக்கச் சொன்னார் கோதண்டபாணி. செந்தாமரைக்குப் பொறுக்கவில்லை.

"அவருதான் தெக்க வெக்கலாங்கறாரே. செவுத்தோரமா வெச்சா எனக்கும் காய வெக்க எடம் இருக்கும்ங்க."

"ஒனக்கு இன்னா தெரியும்? கீழ போயி அவருக்கு டீ போடு."

போனாள். டீயும் போட்டாள். சர்க்கரை டப்பாவை மூடிய சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

பொய் சொல்லக்கூடாது, பேனல் போட்ட முதல் நாள் சாயங்காலம் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தெருவே இருண்டு கிடக்க அவர்கள் வீட்டு ஜன்னலில் மட்டும் வெளிச்சம். எதிர்வீட்டுக் காந்திமதி வாசலில் நின்று, "ஒனக்கென்னம்மா, கவலையத்து கீற" என்றாள். உள்ளே காத்தாடி சுற்ற மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முடி காற்றில் பறப்பதைப் பார்த்தபோது, போகட்டும், மீந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று செந்தாமரை மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மீந்த இடம் என்பது கிழக்குப் பக்கம் இரண்டு பாய் அகலம். காலையில் அங்கே வெயில் விழும். சூரியன் உச்சியைத் தாண்டியதும் பேனல்களின் நிழல் அதன் மேல் படுத்துக்கொள்ளும். வடகம் மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே களியாகவும் நின்றது. மோர்மிளகாயில் பூஞ்சை பூத்தது. சீனுவாசன் ஒரு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அக்கா, நீங்க குடுத்தா கண்ண மூடிக்கினு வாங்குவேன். இப்ப ஜனங்க திருப்பி எட்தாந்து மூஞ்சில அடிக்கறாங்க. அடுத்த தபாவும் இப்படின்னா வேற ஆள பாத்துக்கறேன்" என்றான். இத்தனை வருஷத்தில் அவள் சரக்கு திரும்பி வந்ததே கிடையாது. பையை முந்தானையில் மறைத்துக்கொண்டு கடையின் படியிறங்கினாள்.

சரி, அவள் வயிற்றில் அடித்து வாங்கிய வெளிச்சமாவது ஒழுங்காக எரிந்ததா? மதியத்துக்கு மேல் பேனல்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பேட்டரி அரை வயிற்றோடு இரவுக்குள் போய், மகள் பாதிக் கணக்கில் இருக்கும்போதே பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடியும் மெழுகுவத்தி.

கோதண்டபாணி பிரேம்குமாரை வரவழைத்தார். அவன் அதே ஷூவோடு மேலே வந்து பேனல்மேல் விரலைத் தேய்த்துப் பார்த்தான். விரலில் செம்மண் புழுதி.

"மொளகாத்தூசி. இவ காய வெக்கிற மொளகாதான் இதுமேல படியுது" என்றார் கோதண்டபாணி.

செந்தாமரைக்கு உச்சி மயிர் வரைக்கும் கொதித்தது. "மோர்மொளகாயில தூசி ஏதுங்க? அது ஈரமா கீது. காய்ஞ்சாதான தூசி பறக்க. காயத்தான் வுட மாட்டேங்கறீங்களே."

பிரேம்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "சார், தெற்க திருப்பிக் கொஞ்சம் சரிவ கொறச்சா போதும். அரை நாள் வேல."

"அந்தப் பேச்சே வோணாம்."

"அப்ப இன்னும் ரெண்டு பேனல் போட்டுக்கலாம் சார்."

"போட்டுடுங்க. இந்தப் பக்கம்தான் எடம் கீதே." கோதண்டபாணி கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய இடத்தில் செந்தாமரை நின்றுகொண்டிருந்தாள். பாயில், முறத்தில், அவள் காலடியில் எல்லாம் மிளகாய். கொஞ்சம் நகரச் சொல்வதுபோல அவர் விரலை ஆட்டினார்.

அவள் நகர்ந்தாள். முறத்தையும் நகர்த்தினாள். ராத்திரி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். கோபம் தணிந்துவிட்டது என்று அந்த மனுஷன் நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூட இருந்து அவளைத் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

மறுநாள் விடிகாலையில் பெரிய குண்டானில் கேப்பைக்கூழ் கிளறினாள். பெட்டியைத் திறந்தாள். கிழிசல் வேட்டிகளைத் தொடவில்லை. அவர் கல்யாணங்காட்சிக்குக் கட்டிக்கொண்டு போகும் சலவை வேட்டிகளை எடுத்தாள். மகளின் மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டியும் அதில் இருந்தது. மாடிக்குப் போய் வேட்டிகளை வாளியில் நனைத்து, முதல் பேனலின்மேல் ஒன்றை விரித்து, நான்கு முனையையும் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். கூழை அச்சில் போட்டுப் பிழிந்தாள். சரிவில் ஓடிவிடுமோ என்று ஒரு வரி பிழிந்து பார்த்தாள். ஓடவில்லை, கெட்டிக்கூழ், பிடித்துக்கொண்டது. காலை வெயில் நேராகப் பேனலின் முகத்தில் அடித்தது. கண்ணாடியின் சூடு துணியைத் தாண்டிக் கைக்கு வந்தது. இப்படி ஒரு காய்ச்சல் தரையில் என்றைக்குமே கிடைத்ததில்லை.

மூன்றாவது பேனல் முடியும்போது கீழே கரண்ட் போயிற்று. காத்தாடி நின்றது. ராத்திரியே காலியாகிவிட்ட பேட்டரி விடாமல் பீப் அடித்தது. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கோதண்டபாணி, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே படியேறி வந்தார். வந்தவர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அவருடைய வெள்ளை வேட்டிகள் மேல் வரிவரியாகக் கேப்பை வடகம்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"பாத்தா தெரியலயா? வடகம் போட்டுக்கினு கீறேன்."

"கழட்டுடி அத."

"கழட்ட மாட்டேன். தெக்க பாத்து செவுத்தோரம் திருப்பி வெக்கிற வரைக்கும் இது இங்கதான் காயும்."

அவர் விடுவிடுவென்று வந்து ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்தார். ஈர முடிச்சு, இறுகிப்போயிருந்தது. விரலெல்லாம் கூழானதுதான் மிச்சம். கையை எதில் துடைப்பது என்று தெரியாமல், சலவைச் சட்டையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த காந்திமதி, உலர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ செலவு பண்ணி போட்டது, அதும்மேல போயி..." என்றார். குரல் இறங்கியிருந்தது.

"மாடி சும்மாதானங்க கெடக்குது" என்றாள் செந்தாமரை.

நாலாவது பேனல் மட்டும் இன்னும் துணியில்லாமல் கறுப்பாகப் பளபளத்தது. அதில் வானம் தெரிந்தது, அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அவள் வாளியிலிருந்து பட்டுக்கரை வேட்டியை எடுத்துப் பிழிந்து, உதறி, ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் பேனலின் அந்தப் பக்கம் அவரிடம் வீசினாள்.

"அந்த மொனைய இஸ்த்துப் புடிங்க. காத்து அடிக்குது."

முனை அவர் கையில் வந்து விழுந்தது. கீழே பேட்டரி கத்திக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கட்டவுமில்லை, கீழே போடவுமில்லை. இருவருக்கும் நடுவில் வேட்டி காற்றில் புடைத்து எழும்ப, அதிலிருந்து தண்ணீர் கண்ணாடிமேல் சொட்டிச் சொட்டி அப்போதே காய்ந்துகொண்டிருந்தது.