நான்கு ஊர்களில் இருந்த நிழல்

1962 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு ஹாஸ்கெல் ஸ்டோக்ஸை மூன்று பேர் வந்து கூட்டிப்போனபோது அவருடைய நிழல் கூடப் போகவில்லை. மிசிசிப்பியில் ஹாலிஸ் பெண்ட் என்கிற ஊரில், பருத்திக்காட்டு ஓரத்தில் லூதர் பீ வைத்திருந்த சாராயக்கடையின் பலகைப் பின்சுவரை ஒட்டி நாற்காலி போட்டு அவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். கறுப்பர்களை வெள்ளைக்காரர்கள் ஓட்டுப் போட விடாத ஊர் அது; கறுப்பரான அவர் அந்த வாரம்தான் கோர்ட்டுக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்திருந்தார். வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தார், பாட்டின் அந்த அடியை முடித்தார், கிட்டாரோடு எழுந்து போனார். சுவரில் விழுந்திருந்த நிழல் மட்டும் எழவில்லை. தொப்பியும் திரும்பிய முகமும் கிட்டாரும் நாற்காலியுமாக அப்படியே உட்கார்ந்திருந்தது. பல்பை அணைத்தார்கள், இருந்தது. விடிந்து கதவைத் திறந்தார்கள், வெயிலிலும் இருந்தது. ஹாஸ்கெல்லை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஆற்றில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், தேட வேண்டியவர்கள் தேடவில்லை.

லூதர் பீ இரண்டு தடவை வெள்ளையடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு காய்ந்ததும் நிழல் அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு விட்டுவிட்டார். சனிக்கிழமை இரவுகளில் நிழலின் வலது கால் தாளம் போடும். வெளியூரிலிருந்து வாசிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வேகத்தைப் பிடிப்பார்கள். தாளம் தப்புகிறவனுக்கு அங்கே இரண்டாவது வாரம் கிடையாது. பீர் விலை ஏறியது, காரம் போட்டு வறுத்த மீனின் விலை ஏறியது, நிழல் அதே இடத்தில் இருந்தது.

ஹாஸ்கெல்லின் மனைவி ஆர்டெல்லா கடைசிவரை அதைப் போய்ப் பார்க்கவில்லை. அவள் சர்ச்சுக்காரி. புருஷன் வாசிக்கப் போன நாட்களிலேயே அந்தக் கடையின் படியை மிதித்தவள் இல்லை, மகளையும் மிதிக்கவிடவில்லை. அவருடைய நீல சூட்டை மட்டும் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எடுத்துத் தேய்த்து மறுபடி மாட்டிவைப்பாள். உடல் இல்லாமல் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாமல் அழுது முடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. சர்ச் கல்லறையில் இரண்டு இடம் வாங்கிப் போட்டிருந்தாள். ஒன்றில் அவளைப் புதைத்தார்கள். சாவதற்கு முன்பு மகள் வெர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "பக்கத்துல காலியா விட்றாத புள்ள. ஒங்கப்பன் வரணும்."

அப்பாவைக் கூட்டிப்போனபோது வெர்லீனுக்கு ஏழு வயது. அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாபகம். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் முன் அவர் தன் ஷூவின் மேல் அவளை வெறுங்காலோடு ஏற்றி நிறுத்திக்கொண்டு சமையலறையைச் சுற்றி நடப்பார். அவர் கால் வைக்கிற இடத்தில் அவள் கால். முகம் மறந்துபோயிருந்தது. வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

அவள் ஊருக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். கல்யாணம் ஒன்று நடந்து முறிந்தது. 1994இல் லூதர் பீயின் மகன் கடையை இடித்துப் பலகைகளைப் பிரித்துக் கொடுத்தான். குறுக்குவாட்டில் அடித்த பலகைகள் என்பதால் நிழல் நான்காகப் பிரிந்து நான்கு அருங்காட்சியகங்களுக்குப் போனது. வெர்லீனுக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிந்ததும் கடிதம் எழுதினாள், திரும்பத் திரும்ப எழுதினாள். நான்கு இடத்திலிருந்தும் மரியாதையாகப் பதில் வந்தது. உங்கள் துயரத்தில் பங்கெடுக்கிறோம், பலகையைத் தர இயலாது, வந்து பார்ப்பதற்கு உங்களுக்குக் கட்டணம் இல்லை. பதினான்கு வருடம் அவள் போகவில்லை. கட்டணம் இல்லை என்கிற அந்த வரி அவளைத் தடுத்தது.

ஆர்டெல்லா செத்த அடுத்த கோடையில், பள்ளி விடுமுறை விட்டதும், பெரியம்மா மகன் ரோஸ்கோவின் பழைய ப்யூக் காரில் இருவரும் கிளம்பினார்கள். ரோஸ்கோ ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வாயை மூடி உட்காரத் தெரியாதவர். "சொந்த அப்பனப் பாக்க டிக்கெட் எடுத்து உள்ள போற சாதி நாமதான் புள்ள" என்றார் முதல் ஊர் வருவதற்குள்ளேயே.

"டிக்கெட் கெடையாதுன்னுதான எழுதிருக்கான்."

"எனக்கு உண்டுல்ல. நான் சித்தப்பாதான பாக்கப் போறேன்."

முதல் ஊரில் அருங்காட்சியகம் ஒரு பழைய பஞ்சாலைக்குள் இருந்தது. அங்கே கால்கள். தரைக்கு அருகே கம்பி கட்டி, பலகையை நிறுத்தி, சின்ன விளக்கு போட்டிருந்தார்கள். ஷூவின் முனை, கணுக்கால், நாற்காலியின் நான்கு கால்கள். அன்று சனிக்கிழமை. பகலிலேயே வலது கால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வெர்லீன் அவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பியைத் தாண்டிப் பலகையோடு ஒட்டி நின்றாள்.

"மிஸ், கம்பிக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றான் காவலாளி.

"தம்பி, அது எங்கப்பா காலு."

அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். வெர்லீன் குனிந்து, "அப்பா, வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். கால் தட்டுவதை நிறுத்தியது. பிறகு இரண்டு கால்களும் பலகையிலிருந்து வழிந்து தரைக்கு வந்து, அவள் பாதங்களின் மேல் ஏறி நின்றுகொண்டன. நாற்காலிக் கால்கள் பலகையிலேயே தங்கிவிட்டன. அவள் நடந்தாள். அவளுடைய நிழலுக்குக் கீழே ஷூ போட்ட இன்னொரு ஜோடிக் கால் நடந்தது. அருங்காட்சியகம் அதை விளக்கு வெளிச்சத்தால் ஏற்பட்ட நிறமிழப்பு என்று பதிவு செய்துகொண்டது.

மலைப்பக்கத்து ஊரில், ஒரு காலத்தில் பேங்க்காக இருந்த கட்டிடத்தில் கைகளும் கிட்டாரும் இருந்தன. அவை உடனே வந்தன. கடற்கரை ஊரில் நெஞ்சு. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பக்கத்து அறையில் யாரோ இசைத்தட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், பாட்டு முடியும்வரை நெஞ்சு அசையவில்லை. ரோஸ்கோ சுவரைப் பார்த்து, "சித்தப்பா, அவன் வாசிக்கிறது ஒங்களுக்கு ஆகாதே, எதுக்கு நின்னு கேக்குறீங்க" என்றார். காரில் திரும்பும்போது பின்சீட்டில் பாதி மனிதனின் நிழல் உட்கார்ந்து வந்தது. சாப்பிட நிறுத்திய கடையில் பரிமாறுகிற பெண் பார்த்துவிட்டு, மூணு பேருக்கா என்று கேட்டாள்.

தலை தலைநகரத்தில் இருந்தது. பளிங்குத் தரை போட்ட பெரிய கட்டிடம். கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிய சுவருக்குப் பக்கத்தில் அந்தப் பலகையை மாட்டியிருந்தார்கள். வெர்லீன் மூன்று ஊர் தாண்டி வந்தது முகத்தைப் பார்க்கத்தான். நிழலுக்கு முகம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எதிரே நின்றபோது, தொப்பிக்குக் கீழே வெறும் இருட்டாக இருந்தது அவளை உட்கார வைத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். வாசலில் கூப்பிட்டவர்களைப் பார்க்கத் திரும்பிய பக்கவாட்டு முகம் அது. நெற்றி, மூக்கு, பாதி திறந்த உதடு.

ரோஸ்கோ பலகைக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "மூக்கப் பாத்தியா?" என்றார்.

"என்ன மூக்கு?"

"ஒன் மூக்கு. தெனமும் கண்ணாடில பாத்துருக்க, போட்டோ இல்லன்னு ஊரெல்லாம் அழுதுருக்க."

அவள் கையால் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய் பலகைக்கு முன்னால் நின்றாள். தலை இறங்கி வந்தது.

ஹாலிஸ் பெண்ட் சர்ச்சில் பாஸ்டர் டில்மன், நிழலை அடக்கம் செய்யலாமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்தது கிட்டாரைப் பற்றித்தான். சாராயக்கடையில் வாசித்த கிட்டார் சர்ச் மண்ணுக்குள் போகலாமா என்று மூத்த பெண்கள் இரண்டு பேர் கேட்டார்கள். "ஆண்டவருக்கு வாத்தியம் ஆகும்மா, வாசிக்கிற ஆள்தான் ஆகுறதில்ல" என்று பாஸ்டர் அந்தப் பேச்சை முடித்தார். ஆர்டெல்லாவுக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். வழக்கப்படி தலை மேற்கே, கால் கிழக்கே. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எழுகிறவர்கள் சூரியனைப் பார்த்து எழ வேண்டும். காலை ஆராதனை முடிந்து, சூரியன் கிழக்கே இருக்கும்போதே வெர்லீன் குழியின் கிழக்கு ஓரத்தில் நின்றால் நிழல் மேற்கே தலை வைத்து விழும். அப்படித்தான் திட்டம்.

ஆனால் அந்த ஊரில் எந்த அடக்க ஆராதனையும் சொன்ன நேரத்துக்கு முடிந்ததில்லை. நாற்பத்தாறு வருடம் காத்திருந்த அடக்கம். பாஸ்டர் டில்மன் ஆதாமிலிருந்து தொடங்கினார். பாடகர் குழு ஒவ்வொரு பாட்டையும் மூன்று முறை திரும்பப் பாடியது. ஹாஸ்கெல்லைத் தெரிந்தவர்கள் எழுந்து பேசினார்கள், தெரியாதவர்களும் பேசினார்கள். எல்லோரும் வெளியே வந்தபோது சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. வெர்லீன் குழியோரம் நின்றாள். நிழல் கிழக்கே தலை வைத்து நீண்டது.

"இப்பிடியே இறக்கிரலாம்மா. ஆண்டவர் திருப்பிப் போட்டுக்குவாரு" என்றார் பாஸ்டர்.

"முதுகக் காட்டிக்கிட்டா எந்திரிக்கச் சொல்றீங்க? வாசல்ல கூப்புட்டப்பவே மூஞ்சத் திருப்பிப் பாத்த மனுசன் பாஸ்டர். நான் காலைல வர்றேன்."

சமைத்ததை வீணாக்க முடியாது என்பதால் அடக்கத்துக்குப் பிந்திய விருந்தை முந்தியே சாப்பிட்டார்கள். வறுத்த கோழி, கீரை, சோள ரொட்டி, கேக். சர்ச் சுவரில் நிழலும் உட்கார்ந்திருந்தது. வெர்லீன் அதன் எதிரே ஒரு தட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் பிரசங்கம் இல்லை. சோயாக் காட்டுக்கு மேலே சூரியன் ஏறியது. வெர்லீன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கு ஓரத்தில் நின்றாள். முதலில் நிழல் குழியைத் தாண்டி வேலிவரை நீண்டிருந்தது. வெயில் ஏற ஏறச் சுருங்கி, குழியின் நீளத்துக்கு வரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். வந்ததும், 1962இலிருந்து உட்கார்ந்தே இருந்த ஹாஸ்கெல் கால்களை நீட்டிப் படுத்தார். கிட்டாரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அம்மா தேய்த்து வைத்த நீல சூட்டை வெர்லீன் உள்ளே போட்டாள். மண்ணைத் தள்ளினார்கள். மேலே விழ வேண்டிய நிழல், மண்ணுக்குக் கீழேயே தங்கிவிட்டது.

அவள் பின்னால் நகர்ந்தபோது ரோஸ்கோ கீழே பார்த்தார். "ஏ புள்ள, ஒன்னோடதையும் சேத்துல்ல பொதச்சிட்டாங்க."

வெர்லீன் தன் காலைச் சுற்றிப் பார்த்தாள். வெயில் மட்டும் கிடந்தது. "சின்னதுல அவரு ஷூ மேல ஏறி நின்னவதான அண்ணே. அது எறங்கிருக்காது" என்றாள். பிறகுதான், ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதாள். அன்று யாரும் அவளைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

நான்கு அருங்காட்சியகங்களிலும் பலகைகள் இன்னும் இருக்கின்றன. மூன்றில் நாற்காலியின் நிழல் இருக்கிறது. தலைநகரத்தில் இருப்பதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அதற்கு முன்னால்தான் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள். ஹாஸ்கெல்லின் கல்லறையில் கால் பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் புல் நிற்பதில்லை, சனிக்கிழமை இரவில் அந்த இடம் அதிர்கிறது. வெர்லீன் இன்னும் பஸ் ஓட்டுகிறாள். ஆகஸ்டு வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற புதுப் பிள்ளைகள் முதல் நாள் அவளுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்ப்பார்கள். நிழல் இல்லை என்றதும் ஒன்றும் கேட்காமல் பஸ்ஸின் மறுபக்கம் போய்விடுவார்கள்.