சேவலைவிட மலிவாய்ப் போன கிதார்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தன் கை ஏன் உயர்ந்தது என்று வீடு வந்து சேர்ந்த பிறகும் ஆனந்தபாய்க்குத் தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும், குன்னத்துகால் சபையார் காணிக்கையாக வைத்த வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் வேதக்கோயில் முற்றத்தில் ஏலம் போயின. ஒரு சேவல் நல்ல விலைக்குப் போனது. கடைசியில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த எலியா தூக்கிக் காட்டியது ஒரு கிதார். ஞானபாய் வைத்த காணிக்கை. இறந்துபோன அவள் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கிதார் என்றால் வயிறு இருக்க வேண்டும். இது முழு மரக்கட்டை. எலியா ஒரு கம்பியைச் சுண்டினார். கொசு பறந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

"ஊமைக் கிதாராக்கும். விறகுக்குக் கொள்ளாம். ஆரு எடுக்கியது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானபாயும் சிரித்தாள். பிறகு யாரும் விலை கேட்கவில்லை. காணிக்கை ஒன்று கேட்பாரில்லாமல் நிற்பது ஆனந்தபாய்க்குச் சங்கடமாக இருந்தது. அதனால்தான் கேட்டாளா? அல்லது அந்தக் கொசுச் சத்தம் உடனே செத்துவிடாமல் நெடுநேரம் நின்றதை, வாரந்தோறும் ஆர்மோனியம் வாசிக்கும் அவளுடைய காது மட்டும் கவனித்ததாலா? இரக்கமா ஆசையா என்று பிரித்துப் பார்க்கப் பார்க்க இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துபோயின.

"சேவலை விட்டுட்டு இதையா எடுத்த?" என்றான் கணவன் வேதமணி.

"வெல கொறவுல்லா."

"விறகும் வெல கொறவுதான்."

அவனுக்கு அதற்குமேல் கோபப்பட நேரமில்லை. மாநில எல்லைகளை மாற்றச் சொல்லும் கமிஷன் அறிக்கை வந்திருந்த மாதம் அது. தெற்கே நாலு தாலுகா மதராசோடு சேரும், குன்னத்துகால் இருக்கும் நெய்யாற்றின்கரை மலையாளப் பக்கமே நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். வேதமணி அதை எதிர்த்துத் தினமும் ஒரு கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கட்டித் திரும்பினான். ஆனந்தபாயின் பிறந்த வீடு அந்த நாலில் ஒன்றான விளவங்கோட்டில். "உனக்கென்ன, உன் வீட்டுக்காரங்க அங்க போயாச்சு" என்றான் ஒருநாள். அவள் எங்கே போயிருக்கிறாள் என்று அவனும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

கிதாரைத் துடைத்தபோது கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தத் துண்டையும், பக்கத்தில் ஒரு வயரையும் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தியின் வீட்டுக்குப் போனாள். அவர் தாலுகா கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதியில் கரண்டும் ரேடியோவும் இருந்தது அவர் வீட்டில்தான். எல்லைச் செய்தி கேட்கச் சாயங்காலம் அங்கே கூட்டம் கூடும்.

"ரேடியோவுக்குப் பின்னால கிராமபோன் கொடுக்க ரெண்டு துளை உண்டு. அதில வச்சுப் பாப்போம்" என்றார் அவர். வயரின் முனையைச் சீவி, துளைகளில் விட்டு, தீக்குச்சியால் இறுக்கினார். "சாயங்காலச் செய்திக்கு முன்ன தீர்ந்திரணும், கேட்டியா. ரேடியோ கெட்டா உன் மாப்பிள்ளை தலைமையில எனக்கெதிராக் கூட்டம் போடுவாங்க."

ஆனந்தபாய் கிதாரை மடியில் படுக்கவைத்து ஒரு கம்பியைத் தொட்டாள். ரேடியோவிலிருந்து எழுந்த ஒலி அறையை நிறைத்தது. மேசையில் கிடந்த இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிமேல் வைத்து இழுத்தபோது, ஒரு சுரம் அடுத்த சுரத்துக்கு நழுவிப் போனது. ஆர்மோனியத்தில் கட்டைக்குக் கட்டை தாவித்தான் போக வேண்டும். இங்கே நடுவில் பிரிவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. நல்ல வாத்தியம் என்பதாலா, மலிவாய்க் கிடைத்தது இவ்வளவு நன்றாக இருப்பதை நம்ப முடியாததாலா?

"இது நல்லதுதானா, சார்?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா எந்திரிச்சுப் போகத் தோணல்ல."

அவள் ஆராதனைப் பாட்டு ஒன்றைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து வாசித்தபோது வாசலில் ஞானபாய் நின்றிருந்தாள். சத்தம் கேட்டு வந்தவள்.

"இது நான் வச்சதா?"

"ஆமாக்கா."

"கரண்டு உள்ள வீட்டில வச்சா பாடும்னு அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. மலிவா வாங்கி ஏமாந்தவரு சொல்லுத சாக்குன்னு நெனச்சேன். ஊரு முன்னால நானே அவரைக் கேலி பண்ணியிருக்கேன். ஆகாததுன்னு நெனச்சுத்தான் கோயிலுக்கு வச்சேன். அது காணிக்கை ஆகுமா, மக்கா?" என்றாள்.

ஏலத்தில் போனதைத் திருப்பிக் கேட்பது சபையில் வழக்கமில்லை. ஞானபாய் கேட்கவும் இல்லை. கிதாரை மட்டும் பார்த்தாள். ஆனந்தபாய்க்கு அதைக் கொடுக்க மனமே இல்லை. ஆனால் தானும் இதைக் கிதார் என்று நினைத்தா வாங்கினாள்? ஊமைக் கட்டை ஒன்றை ஒருத்தி கொடுத்தாள், ஒருத்தி எடுத்தாள். இந்தப் பாடுகிற பொருள் அந்த ஏலத்தில் வரவே இல்லையே. துளைகளிலிருந்து வயரை உருவி, கிதாரை ஞானபாயின் கையில் வைத்தாள். செய்தது நியாயமா பயமா என்று விளங்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வாரம் முழுக்க விரல்கள் சும்மா இருக்க மறுத்தன. ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசித்தபோது சுரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள்தான் காதில் விழுந்தன.

ஆராதனை முடிந்ததும் ஞானபாய் கோயில் வாசலில் கிதாரோடு நின்றாள்.

"என் வீட்டில பழையபடி ஊமையாத்தான் கெடக்கு. நட, அந்த சார் வீட்டுக்குப் போவோம்."

"அக்கா, இது இப்ப ஆருக்க கிதாரு?"

"எனக்குத் தெரியல்ல. வாசிச்சுட்டு யோசிப்போம்."

ஈஸ்வரமூர்த்தி தீக்குச்சிகளோடு காத்திருந்தார். ஆனந்தபாய் வாசித்தாள். ஞானபாய் ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் மரப்பெட்டியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"செய்திக்கு நேரமாச்சு" என்றார் ஈஸ்வரமூர்த்தி. முற்றத்தில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். வேதமணியும் அவர்களோடு நின்றான்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் ஞானபாய், பெட்டியிலிருந்து கையை எடுக்காமல்.

யாருக்காக என்று யோசிக்கத் தொடங்கிய மனத்தை விட்டுவிட்டு, ஆனந்தபாய் இரும்புத் துண்டை மீண்டும் கம்பிமேல் வைத்தாள்.