மலைப்பாதையில் நின்ற லாரி

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து எழுநூற்று முப்பது. செல்போன் ரிப்பேர் கடைக்கு முன்பணம் குறைகிறது என்று வாங்கியவன். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்பான். அவனுடைய அடுத்த வாரம் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

எனக்கு அந்தப் பணம் கம்ப்யூட்டருக்கு வேண்டியிருந்தது. நான் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவன். எத்தனையோ லாரிகளுக்குச் சுமை ஏற்றி, பின்கதவைத் தட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. ஒரு கண்ணில் பார்வை பாதிதான், லைசென்ஸ் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். கிடங்கு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை எடைக்குப் போட்டபோது ஒன்றைத் தூக்கி வந்தேன். மச்சினன் அதில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். காலை ஷிப்ட் முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் தோள்வலி கொஞ்சம் இறங்கும்.

சமவெளியில் நன்றாகத்தான் ஓடும். மலைப்பாதை வந்தால் படத்துக்கு விக்கல் எடுத்துவிடும். வளைவில் திருப்புவேன், படம் நின்றுவிடும். படம் திரும்பி வரும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. மூட்டை தூக்கும்போதும் அந்த வளைவே கண்ணுக்குள் நிற்கும். வீட்டுக்கு வந்தால் உட்காருவேன், எழுவேன், ஜன்னல் வரை போவேன், வருவேன். தரை தேயப்போகிறது என்பாள் என் மனைவி.

மெமரிக்குப் பழைய ராம் சில்லு ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சீக்கிரம் கண் விழித்தது, மலை மட்டும் ஏறவில்லை. படத்தை ஓட்டத் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றான் மச்சினன். புதிதின் விலையைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு மதியம் அவனே ஒரு கார்டோடு வந்தான். எங்கோ ஒரு விளையாட்டுக் கடையை மூடினார்களாம், அங்கே வாங்கியதாம். தனியாகக் கரண்டு வயர் கேட்காத சின்னக் கார்டு, இந்தக் கிழட்டு டப்பாவே தாங்கும் என்றான். இதோடு கடன் தீர்ந்தது என்றும் சொன்னான். கார்டின் மதிப்பு நாலாயிரம்தான், எழுநூற்று முப்பது நிற்கிறது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து கார்டைப் பொருத்தினான். அதற்குள் கடையிலிருந்து போன் வரவே, வயர்களை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஓடினான்.

வயர் மாட்டுவதில் எனக்குப் பயமில்லை. நாற்பதுக்கு மேல் மாலை வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். கற்ற நாள் முதல் எல்லாவற்றிலும் எழுதி ஒட்டுகிற பழக்கம். உப்பு டப்பாவில் உப்பு என்று ஒட்டியதற்கு, நக்கினாலே தெரியுமே என்றாள் மனைவி. கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒவ்வொரு ஓட்டைக்கும் சீட்டு ஒட்டியிருந்தேன். 'திரை' என்ற சீட்டைப் பார்த்துத் திரையின் வயரை அதே இடத்தில் செருகினேன்.

மலைப்பாதையில் அதே விக்கல். அதே பள்ளம்.

ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் வேலை முடிந்ததும் அவன் கடைக்கே போனேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நின்றால் எனக்கென்ன என்றிருந்தது.

"செத்ததைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டியே மாப்ள."

அவன் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

"செத்துதுன்னா கொண்டு வந்து குடுங்க மாமா. ஞாயித்துக்கிழமை முழுப்பணமும் எண்ணி வெச்சிடறேன். ஆனா அதுக்கப்புறம் அக்கா வீட்டு வாசல்ல என் செருப்பைப் பார்க்க மாட்டீங்க."

இதை மனைவியிடம் நான் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தான். அன்று முதல் பாத்திரங்கள்தான் என்னோடு பேசின. அவளுக்கு இருப்பது அந்த ஒரு தம்பி. பணத்தை வாங்கினால் அவன் போய்விடுவான், வாங்காவிட்டால் நான் ஏமாளி. மூட்டையை எந்த வண்டியில் ஏற்றுகிறேன் என்று தெரியாமல் ஏற்றி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு காலை திருப்புளியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் குந்தினேன். மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

"நகருங்க. என் தம்பிகிட்ட போற பொருள் இவ்வளவு அழுக்கோட போகக்கூடாது."

வயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியின் முதுகை அழுத்தித் துடைத்தாள். என் சீட்டுகள் ஊறி, அவள் துணியோடு போய்விட்டன. கழற்றுவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டேன். வேண்டா வெறுப்பாக வயர்களை அவளே செருகினாள். திரையின் வயர், கைக்கு எட்டிய கீழ் ஓட்டைக்குள் போனது.

லாரியைக் கிளப்பினேன். முதல் வளைவில் வழக்கம்போல் பல்லைக் கடித்தேன். லாரி திரும்பியது. அடுத்த வளைவிலும் திரும்பியது. மரங்கள் ஒவ்வொன்றாக, நிற்காமல், பின்னால் போயின.

நிறுத்திவிட்டுப் பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள். மேலே இருந்தது பழையது, என் சீட்டு ஒட்டியிருந்தது. கீழே இருந்தது கார்டோடு வந்தது. இத்தனை நாளும் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்க, பழைய வழியிலேயே படம் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"கார்டு உயிரோடதான் இருக்கு," என்றேன்.

அவள் துணியைப் பிழிந்தாள். "அப்போ செத்தது யாரு?"

போனை என் மடியில் போட்டாள். மச்சினன் ஐந்தாறு தடவை மணி அடிக்கவிட்டு எடுத்தான். பணம் ரெடி, கார்டைக் கொண்டு வரலாம் என்றான். வயரை மாற்றிச் செருகியதைச் சொன்னேன்.

"உன் கடையில வெச்சு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது மாப்ள. அந்த ரெண்டு பேர் திரும்ப வந்தா, கார்டு நல்ல கார்டுன்னு சொல்லிடு."

"நீங்களே வந்து சொல்லுங்க."

"வர்றேன்."

போனை வைக்கப் போனபோது கேட்டான். "எழுநூத்து முப்பது?"

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் லாரி உச்சிக்குக் கொஞ்சம் கீழே, விளக்கு எரிய நின்றிருந்தது.

"எந்த எழுநூத்து முப்பது?" என்றேன். "சாயங்காலம் செருப்போட வா. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கலாம்."