புதன்கிழமைச் சுவர்

"தேய்க்காதீங்க டீச்சர்! நீலமும் சேந்து வருது!"

தலைமையாசிரியர் சுகுமாரன் அலறியது கிறிஸ்டின் காதில் ஏறவில்லை. ஈரத்துணியால் சுவரை வெறிபிடித்தவள் போல் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணியில் முதலில் வெள்ளை வந்தது. பின்னாலேயே நீலமும் வந்தது.

மணி ஒன்பதே முக்கால். ஈப்போவிலிருந்து கிளம்பிய, வகுப்புக்குப் பணம் தரும் அறவாரியத்தின் அதிகாரி சரளாவின் கார் சிம்பாங் பூலாய் சந்திப்பைத் தாண்டிவிட்டது. இன்னும் பதினைந்தே நிமிடம்!

அந்தச் சுவர்தான் கிறிஸ்டினிடம் இருந்த ஒரே சாட்சி.

ரப்பர் மரங்களை வெட்டி வீடு கட்டிய பிறகும் தப்பி நிற்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளி அது. புதன்தோறும் அங்கே கிறிஸ்டினின் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளுக்கு வண்ணம், களிமண், மேளம். ஓவியம் கற்றுத்தர அல்ல. வாயால் வராதது கையால் வரட்டும் என்று. சிலர் வெறும் வயிற்றோடு வருவார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு குவளை மைலோ, அப்புறம்தான் மேளம். எட்டு வயது தினேஸ்வரிக்கு ஆட்டிசம். பேச்சு இல்லை. காகிதத்தைத் தொடமாட்டாள். மூன்று மாதமாகக் கேன்டீன் பின்சுவரில் நீல வட்டங்கள் மட்டும் போட்டுவந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்பு அடுத்த வருடமும் நடக்குமா, இன்றோடு மூடப்படுமா என்று சரளா முடிவு சொல்ல வேண்டும்.

இன்று காலை சுவர் பளீரென்று வெள்ளை.

குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கையில் சுண்ணாம்பு வாளியோடு நின்றார் பள்ளிக் காவலாளி பத்துமலை. தோட்டத்தில் துரை வருகிற நாளில் மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்த கை அது. துரை போய், தோட்டமும் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. சுகாதார நர்ஸ் வந்தால்கூட வேலிக்கல் வெளுத்துவிடும்.

"டீச்சர், நான் சொல்றத கொஞ்சம்..."

"பேசாதீங்கண்ணே! மூணு மாச வேலை!"

"இல்ல சார், காலையில..."

"பத்துமலை, வாயத் தொறந்தே, ஒன்னையும் சேத்து வெள்ளையடிச்சிருவேன்!"

பத்துமலை வாளியோடு ஓரமாக ஒதுங்கினார்.

சுகுமாரனுக்குத் திடீரென்று ஒரு யோசனை. டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நீல வண்ணத்தில் தூரிகையை முக்கினார். "வட்டம்தானே லா? யாரு போட்டா என்ன?"

"சார், அது பிள்ளை வரைஞ்சது! பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ரிப்போர்ட்ல அந்த வட்டத்த 'உலக ஒற்றுமை'ன்னு எழுதிட்டேன் டீச்சர்! ஒரு வட்டமாவது இருக்க வேணாமா?"

போட்டார். அது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது.

"முட்டை சார் அது," என்றாள் கிறிஸ்டின்.

கார்க்கதவு சாத்தும் சத்தம்.

சரளா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்லர். வரவேற்பு மாலையைக் கையில் வாங்கி மேசையில் வைத்தார். சுவரைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். "இதுவா?"

கிறிஸ்டின் பதில் சொல்வதற்குள் தினேஸ்வரி வந்துவிட்டாள். மேசை இடம் மாறினாலே காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடும் பிள்ளை. வட்டங்கள் மொத்தமாகக் காணாமல் போனால்?

தினேஸ்வரி சுருளவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தாள். நேராகப் போய்ச் சுண்ணாம்பு வாளியில் வெள்ளையடிக்கும் மட்டையை முக்கி, சுகுமாரனின் முட்டையை ஒரே இழுப்பில் அழித்தாள். பிறகு மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, இடதுமூலையில் குந்தி, ஒரு கோடு போட்டாள்.

மஞ்சள்! கோடு! கிறிஸ்டினுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சரளா பேனாவைத் திறந்தார். "எனக்குப் படம் முக்கியமில்ல மிஸ். ஒன்னே ஒன்னு கேக்குறேன். இந்தப் பிள்ளை தானாப் போயி யாருக்கிட்டயாச்சும் எதையாச்சும் கேட்டிருக்கா? பேசணும்னு இல்ல. கையால காட்டினாலும் போதும்."

சுகுமாரன் கண்ணாலேயே கெஞ்சினார். ஆமான்னு சொல்லுங்க டீச்சர்!

கிறிஸ்டின் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். "இல்ல மேடம். இன்னும் இல்ல."

பேனா தாளில் இறங்கியது.

"இப்பவாச்சும் நான் பேசலாமா?" பத்துமலையின் குரலில் அழுகையே வந்துவிட்டது. "காலையில மரத்துக்கு அடிச்சிக்கிட்டு இருந்தேம்மா. பாப்பா வேன விட்டு எறங்கி நேரா வந்து என் கையப் புடிச்சிச்சு. இழுத்தாந்து இந்த செவுத்துல வச்சிச்சு. ஐயையோ, டீச்சர் திட்டுவாங்கன்னு ரெண்டு வாட்டி ஓடினேன். விடல. ரெண்டு வாட்டியும் வந்து இழுத்தாந்துருச்சு. அப்பறம் நான் அடிச்சி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னு, எங்கெங்க விட்டேனோ அங்கெல்லாம் வெரல நீட்டிக் காட்டி, என்கிட்ட வேல வாங்குனதே அதுதான்!"